17-வது பிரிவும் ஒரு மனுவும்

நவம்பர் 25

1949-இல் இதே தேதியில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை மறுபடி எடுத்து வாசித்தேன். 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்றார். ஆண்டுதோறும் மேடைகளில் சொல்லப்படுவது இதுவரைதான். முரண்பாட்டைச் சீக்கிரம் களையாவிட்டால், ஏற்றத்தாழ்வில் அவதிப்படுகிறவர்கள் இந்த ஜனநாயகக் கட்டமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்று தொடர்ந்து சொன்னதை விட்டுவிடுகிறார்கள். அவர் நாட்டுக்குக் கெடு வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நவம்பர் 26

அரசமைப்பு நாள். பள்ளிகளில் பிள்ளைகள் முகப்புரை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அக்காவோடு ஓர் அரசு அலுவலகத்தில் நின்றிருந்தேன். போன வருஷம் பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்க இறங்கிய அவர் கணவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசை மாறாமல் வைத்திருக்கிறார் அக்கா.

"ஏம்மா, அவர் எங்க ரோல்லயே இல்லையே. காண்ட்ராக்டர் ஆளு. அவரைப் போய்ப் பாருங்க."

"அடைப்பு எடுக்க வரச்சொல்லி போன் வந்தது இங்கேருந்துதானே சார்?"

பதில் இல்லை. அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

எஃப்.ஐ.ஆரில் 'கால் தவறி உள்ளே விழுந்து' என்று எழுதியிருக்கிறது. அந்த மூடியைக் கடப்பாரை போட்டு இரண்டு பேர் நெம்பித் திறந்ததைத் தெருவே பார்த்தது. அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கயிறு கட்டிக்கொண்டா ஒருவர் கால் தவறி விழுவார்?

நவம்பர் 29

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1948-இல் இந்த நாளில்தான். சபையில் இருந்த ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதன் அன்று பேசினார். இப்போது அது 17-வது பிரிவு.

அரசமைப்பில் சில வாக்குறுதிகளுக்கு அவகாசம் உண்டு. பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர முயலவேண்டும் என்றது 45-வது பிரிவு. அது அடிப்படை உரிமையாக நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரலில். 17-வது பிரிவுக்கு அந்த அவகாசமும் கிடையாது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் கூடாது, மீறினால் குற்றம். அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 1993-இல்தான் வந்தது. அதையும் அமல்படுத்தச் சொல்லி, துப்புரவுத் தொழிலாளர்களுக்கான இயக்கமான சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. தீர்ப்பு 2014-இல். 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. இந்தக் குழிகளுக்குள் காலங்காலமாக எந்தச் சாதிக்காரர்களை இறக்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எந்த வடிவிலும் கூடாது என்று 17-வது பிரிவு சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

டிசம்பர் 2

பழைய நாடாளுமன்றப் பதில்களைத் தேடி எடுத்தேன். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு மக்களவையில் சொன்னது: முந்தைய ஐந்தாண்டுகளில் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள் 340 பேர். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்துக்கொண்டால் ஒன்றில் பூஜ்யம் காட்டலாம். படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரசு இல்லை என்று சொல்லும் சாவுக்கு அக்கா எந்த அலுவலகத்தில் போய் நிவாரணம் கேட்பார்?

டிசம்பர் 6

அம்பேத்கர் நினைவு நாள். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்து புதிதாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்ததும் இதே தேதியில்தான். அதன் 7-வது பிரிவு உள்ளாட்சி அமைப்போ முகமையோ யாராக இருந்தாலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆபத்தான சாக்கடைச் சுத்தத்துக்கு ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. அந்த 'மறைமுகமாகவோ' காண்ட்ராக்டரையும் சேர்த்துத்தான். ரோலில் பெயர் இல்லை என்று கைகழுவ அங்கே இடமே இல்லை. முதல் முறை மீறினாலே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம்.

உயர் நீதிமன்றத்துக்கான மனுவை இன்று எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 30 லட்சம் நிவாரணம், பிள்ளைகளின் படிப்புச் செலவு, எஃப்.ஐ.ஆரில் 2013 சட்டப் பிரிவுகளைச் சேர்த்தல் என்று கோரிக்கைகள். கடைசிவரை கேட்டுவிட்டு, "பணத்தை அப்புறம் எழுதுங்க தம்பி. அன்னைக்குப் போன் பண்ணி வரச்சொன்ன ஆபீசர் மேல கேஸ் போடணும்னு முதல்ல எழுதுங்க" என்றார்.

வரிசையை மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.