குமரி மாவட்டத்தில் ஒரு விக்கா வட்டம்

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான புதிய பேகன் நெறியான விக்காவின் வழிபாட்டை மேற்கொள்கிறவர் ஊர்விட்டு ஊர் போகும்போது, பெட்டிக்குள் எதை எடுத்துவைப்பது, எதை வீட்டிலேயே விடுவது என்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. என் வீட்டுப் பீடத்தில் கறுப்புப் பிடி போட்ட அத்தாமே என்னும் சடங்குக் கத்தி, மரக்கோல், கிண்ணம், ஐமுனை விண்மீன் பொறித்த தட்டு, தூபக்கால், உப்பு, நீர், இரண்டு மெழுகுவர்த்திகள் எல்லாம் எப்போதும் இருக்கும். அக்டோபர் கடைசியில் எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி விரைவு வண்டியில் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டபோது இவற்றுள் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டேன். இருபுறமும் கூரான கத்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் நிலையச் சோதனை எந்திரத்தைக் கடப்பதும், அது எதற்கு என்று கேட்கும் காவலரிடம், சடங்குக்கு முன் புனித வட்டம் இடுவதைப் பற்றி விளக்குவதும் எனக்குச் சரிப்படாது. அத்தாமே எதையும் வெட்டுவதற்கு உரியதன்று. வட்டத்தின் எல்லையைக் காற்றில் வரையவே அது பயன்படுகிறது, அதற்கு ஆட்காட்டி விரலே போதும் என்று பல விக்கா ஆசிரியர்களும் சொல்லியிருக்கிறார்கள். இந்த நெறியை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னருக்கு இந்தப் பதில் பிடித்திருக்குமா என்பது ஐயமே. இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் பிறகு மலாயாவிலும் வேலை பார்த்த அவர், கத்திகள்மேல் கொண்ட மோகத்தால் கிரிஸ் என்னும் மலாய்க் குத்துவாள் பற்றி 1936-இல் ஒரு தனி நூலே எழுதியவர்.

பையில் வைத்தவற்றுள் நான் மிகவும் நம்பியது நாலரை அடி நீளமுள்ள ஒரு நூல்கயிறுதான். மரபான விக்கா வட்டத்தின் குறுக்களவு ஒன்பது அடி. கயிற்றின் ஒரு முனையை நடுவில் ஊன்றிச் சுற்றி வந்தால் வட்டம் பிறந்துவிடும். கன்னியாகுமரியில் நான் முதலில் தங்கிய விடுதியறையில் கட்டில் போக மீதியிருந்த இடத்தில் ஆறடி வட்டம்கூட அடங்கவில்லை. வட்டம் சுவரை ஊடுருவிப் போவதாகக் கொள்ளலாம் என்று சொல்வார்கள், ஆனால் அடுத்த அறையில் ஐயப்ப பக்தர்களோ புதுமணத் தம்பதியோ உறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களில் பாதிப்பேரை என் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனவே கயிற்றை மடித்துப் பாதியாக்கிக் கொண்டேன். சாம்பிராணி, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி எதையும் அறைக்குள் கொளுத்தக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அது நியாயமான விதி. தூபத்துக்குப் பதிலாக முதல்நாள் தோவாளைச் சந்தையில் வாங்கிய மல்லிகையை வைத்தேன். சுடருக்குப் பதிலாக மின்கல விளக்கை வைத்துப் பார்த்ததில் மனம் ஒன்றவில்லை என்பதால் அதை அணைத்துவிட்டுக் கடல் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்தேன்.

கருவிகளை மாற்றிக்கொள்வது எளிது. குமரியில் என்னை உண்மையாகச் சிந்திக்கவைத்தவை திசைகள். வட்டமிட்டதும் திசைக்கு ஒன்றாக நான்கு பூதங்களை அழைப்பது விக்கா வழக்கம்; பொதுவாகக் கிழக்கு காற்றுக்கும், தெற்கு நெருப்புக்கும், மேற்கு நீருக்கும், வடக்கு நிலத்துக்கும் உரியவை. இங்கிலாந்தில் நின்று பார்த்தால் இந்த ஒதுக்கீட்டில் ஒரு நியாயம் தெரியும்: அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும், பெருங்கடல் மேற்கில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் வாழும் விக்கா நெறியினர் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொண்டு, பண்டிகைகளையும் ஆறு மாதம் தள்ளிக் கொண்டாடுவதற்கும் இதே நியாயம்தான் காரணம். ஆனால் குமரிமுனையில், முக்கடல் கூடும் படித்துறையில் நின்று கிழக்கைப் பார்த்தால் கடல், தெற்கைப் பார்த்தால் கடல், மேற்கிலும் கடல். நீருக்கு ஒரு திசையை ஒதுக்குவது அங்கே நகைப்புக்குரியதாகத் தோன்றுகிறது. பின்னால் விரிந்து கிடக்கும் வடக்கு மட்டுமே ஐயமின்றி நிலம். இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

சூரியனின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. குமரிமுனை ஏறத்தாழ 8 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது; மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆண்டின் ஒரு பகுதியில் நான் ஆஸ்திரேலியர்களோடு சேர வேண்டும், இன்னொரு பகுதியில் ஆங்கிலேயர்களோடு. அக்டோபர் இறுதியில் சூரியன் தெற்கே இருந்ததால், அந்த முறை தெற்கில் நெருப்பை அழைப்பதில் எனக்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

அக்டோபர் 31-இல் வரும் சௌவின் பண்டிகைக்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டிருந்தேன். விக்காவின் எட்டுப் பண்டிகைகளில் இறந்தவர்களுக்கு உரியது இது. ஐரோப்பாவில் அறுவடையெல்லாம் முடிந்து, இலைகள் உதிர்ந்து, குளிர் இறங்கும் நேரத்தில் வருவது. கோடையில் பதினாறரை மணி நேரமாக இருக்கும் லண்டன் பகல் டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கும் என்பதால், அங்குள்ளவர்களுக்கு ஒளி குறைவது கண்ணுக்கும் உடலுக்கும் தெரியும் செய்தி. குமரியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். அது மட்டுமன்று, அந்த வாரம் நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போகும்போது சாலையின் இருபுறமும் கும்பப்பூ நெல் இளம்பச்சையாக நின்றது. கன்னிப்பூ அறுவடை முடிந்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி அடுத்த பயிர் வேர்பிடித்துக்கொண்டிருந்த பருவம் அது. உலகம் வாடுகிறது என்று பாடும் சடங்கு வரிகளை அந்த வயல்களுக்கு நடுவே நின்று சொல்வது பொய்யாகவே இருந்திருக்கும். ஆகவே பயிர் மடிவதைப் பற்றிய பகுதிகளை முழுவதும் விட்டுவிட்டு, முன்னோரை அழைக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பருவம் தேவையில்லை.

சௌவின் அன்று முட்டத்தை ஒட்டிய ஒரு கடற்கரைக் கிராமத்தில், தோழியின் வீட்டில் இருந்தேன். இரவில் கடற்கரையில் வட்டமிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, தோழிதான் தடுத்தாள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இருட்டில் விளக்கும் உப்பும் கயிறுமாக மணலில் அமர்ந்திருந்தால், மறுநாள் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் செய்வினை என்றுதான் பேச்சு எழும் என்றாள். அவள் சொன்னது சரி. விக்காவைத் தமிழ்நாட்டில் பின்பற்றுவோர் சூனியம் என்ற பழியை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் அந்தப் பழி நம்மைவிட அதிகமாக நமக்கு இடம்கொடுத்தவர்களைப் பாதிக்கும். எனவே வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம்.

அந்த மாடியில், இதுவரை எங்கும் கிடைக்காத வகையில் நான்கு திசைகளும் பொருந்தின. மேற்கே அரபிக்கடல். நேர் வடக்கே வேளிமலை. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் திசை எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கில் ஓர் அகல்விளக்கை ஏற்றினேன். வழக்கமாக நீரில் உப்பைக் கலந்து தூய்மை செய்துதான் வட்டத்தின் எல்லையில் தெளிக்க வேண்டும். மாலையில் செம்பில் மொண்டுவந்த கடல்நீரில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. நிலத்துக்காக எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் கடற்கரை மணலை வைத்தேன். குமரிக் கடற்கரை மணலில் கருமை இல்மனைட்டாலும் செம்மை கார்னெட்டாலும் வருகிறது. சிவன் வராமல் திருமணம் நின்றபோது குமரியம்மன் வீசிய அரிசியும் பருப்புமே இந்த மணல் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். அதை மறுநாள் காலையில் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன்.

சௌவின் பீடத்தில் ஆப்பிள் இருக்கும். அதைக் குறுக்கே வெட்டினால் விதையறைகள் ஐமுனை விண்மீனாகத் தெரியும் என்பதே அதன் சிறப்பு. தோழியின் அம்மா தோட்டத்திலிருந்து பறித்துக் கொடுத்த பப்பாளியைக் குறுக்கே வெட்டியபோது அதே விண்மீன் ஆப்பிளில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. அப்பத்துக்கும் திராட்சை மதுவுக்கும் பதிலாக முந்திரிக்கொத்தும் இளநீரும் வைத்தோம். இறந்தவர்களுக்கு ஒரு தட்டு வைத்துவிட்டுப் பேசாமல் உண்பது அன்றைய வழக்கம். அந்தத் தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் புளிமுளமும் பரிமாறினேன், என் பாட்டிக்கு இரண்டும் பிடிக்கும். படியேறி வந்து எட்டிப் பார்த்த தோழியின் அம்மா, “இது யாருக்க முறை பிள்ளே, வெள்ளக்காரனுக்க படப்பா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “செரி, கெழங்கு ஆறதுக்கு முன்ன வை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கத்தோலிக்கரான அவருக்கு அதில் வியப்பதற்கு எதுவும் இருக்கவில்லை, ஏனெனில் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கான வேலைகளில் அந்த வீடே மூழ்கியிருந்தது.

அந்தத் திருநாளுக்கும் என்னை அழைத்துச் சென்றார்கள். சௌவினைப் பற்றி நான் படித்தவை அனைத்தையும்விட, அன்று மாலை அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கண்டதே பண்டிகையின் கருத்தை எனக்குப் புலப்படுத்தியது. கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி மாலை சார்த்தி, மெழுகுவர்த்திகளை நெருக்கமாக ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போகும்வரை குடும்பங்கள் அங்கேயே அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன. கடலில் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறை இல்லாததால் அவர்களுக்காகக் கல் சிலுவையின் அடியில் திரி கொளுத்தினார்கள். “நீயும் ஒண்ணு கொளுத்து மக்களே” என்று தோழியின் அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் திணித்தார். அங்கே நான் வட்டமிடவில்லை, திசைகளை அழைக்கவில்லை, மனத்துக்குள்கூட விக்கா வரிகளைச் சொல்லவில்லை. அது அவர்களுடைய வழிபாடு. அதில் விருந்தாளியாக நிற்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

குமரியம்மன் கோவிலிலும் அதே நிலையைத்தான் எடுத்தேன். விக்காவில் தேவியைக் கன்னி, தாய், கிழவி என மூன்று உருவங்களில் வழிபடும் வழக்கம் உண்டு என்பதால், குமரியம்மனைப் பார்த்ததும் இதோ அந்தக் கன்னி என்று சொல்லிவிடும் ஆவல் இயல்பாக எழும். பயணம் போகும் விக்கா நெறியினர் பலரும் போகுமிடத்துத் தெய்வங்களை எல்லாம் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சுரண்டலாகவே படுகிறது. மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதாகக் கதை சொல்லப்படும் அந்த அம்மனுக்குத் தனக்கென்று பூசையும் விழாவும் மக்களும் உண்டு. சிறுவயதில் அம்மாவோடு வந்து கும்பிட்டதுபோலவே கும்பிட்டுவிட்டு, சந்தனம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் நாகர்கோவில் நாகராஜா கோவிலில் நான் கேட்டது மட்டும் சற்று வேறு வகையானது. ஓலைக்கூரை வேய்ந்த அந்தக் கருவறையிலிருந்து பிரசாதமாகத் தரும் மண், உத்தராயண ஆறு மாதம் வெள்ளையாகவும் தட்சிணாயன ஆறு மாதம் கறுப்பாகவும் இருக்கும் என்பது நம்பிக்கை. ஆண்டை ஒளிக்கும் இருளுக்குமாக இரண்டாகப் பகுக்கும் விக்காவின் ஆண்டுச் சக்கரத்துக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே இணை உண்டு என்பதை அங்கேதான் உணர்ந்தேன். பகல் நீளத்தில் பெரிய மாற்றம் இல்லாத நாட்டிலும் மனிதர்கள் ஆண்டின் திருப்பத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

அடுத்து ஆடியில் வரலாம் என்றிருக்கிறேன். ஆகஸ்ட் 1-இல் வரும் லூனாசா பண்டிகை முதல் கதிரை அறுத்து அப்பம் சுடுவதற்கு உரியது; குமரி மாவட்டக் கோவில்களில் ஆடியில் நடக்கும் நிறைபுத்தரிசியும் முதல் கதிருக்கே உரியது. அந்த நெற்கதிரில் ஒரு பிடி பீடத்துக்குக் கிடைத்தால் மாவு வாங்கி அப்பம் சுட வேண்டியதில்லை, புத்தரிசிச் சோறே போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆடியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், காற்று மேற்கிலிருந்து அடிக்கும், மழையும் அந்தப் பக்கமிருந்தே வரும். முட்டத்து மாடியில் அவ்வளவு ஒழுங்காகப் பொருந்திய திசைகளில் நெருப்பும் காற்றும் இடம் மாறிவிடும். காற்றை மேற்கில் நீரோடு சேர்த்து அழைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நெருப்பை வேளிமலைப் பக்கம் வைப்பதா, தலைக்கு நேராக நடுவில் வைப்பதா என்பதைத் தோழியின் வீட்டு மாடியில் நண்பகலில் நின்று, என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தபின் தீர்மானிப்பேன்.