ஓடில்லாத நத்தை வருகிறதா, முதலில் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்குள் ஓடில்லாத நத்தை வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, சுவர் எப்படி இருக்கிறது என்றுதான். அதன் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், மேலே ஓடும் கிடையாது, காய்ந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் வற்றிப்போகும். அப்படிப்பட்ட பிராணி ராத்திரிதோறும் உங்கள் சமையலறைக்கு வந்துபோகிறது என்றால் பக்கத்திலேயே எங்கோ ஓயாத ஈரம் இருக்கிறது. அதைத் தேடாமல் நத்தையை மட்டும் விரட்டினால் நாளைக்கு இன்னொன்று வரும்.

தயவுசெய்து உப்பைத் தூவாதீர்கள். அது துடிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், உப்புக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. சுவரோரம் தூவித் தூவி அது பூச்சுக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் அந்த இடம் லேசில் காயாது.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, அறைக் காற்றிலுள்ள ஆவி குளிர்ந்த இடத்தில் நீராகப் படிகிறது. இல்லையென்றால் வெளியிலிருந்தோ குழாயிலிருந்தோ தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. இரண்டிலும் கறுப்புத் திட்டும் பூஞ்சை வாடையும் வரலாம், ஆனால் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் பெயின்ட் வாங்கப் போகும் முன் இதைக் கண்டுபிடித்துவிடுங்கள் என்று மன்றாடுகிறேன். சந்தேகப்படும் இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உள்ளங்கை அளவு அலுமினிய ஃபாயிலை வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்து ஃபாயிலின் மேல்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றுதான் காரணம். உரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தால் இரண்டு வேலையும் காத்திருக்கிறது.

காற்றுதான் காரணம் என்றால் கணக்கு எளிது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். தாங்க முடியாத மீதிதான் ஜன்னல் கண்ணாடியிலும், அலமாரிக்குப் பின்னால் காற்றே போகாத வெளிச்சுவர் மூலையிலும் துளித்துளியாக நிற்கிறது. அதனால் ஆவி உண்டாகிற இடத்திலேயே அதை வெளியேற்றுங்கள்: சமைக்கும்போதும் குளிக்கும்போதும் உள்கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், குளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் அதிலிருக்கும் தண்ணீர் முழுக்கக் காற்றில்தான் ஏறும். அலமாரியைச் சுவரைவிட்டு ஒரு கையளவு நகர்த்துங்கள். ஜன்னலைத் திறப்பது நல்லதுதான், ஆனால் வெளியே வெக்கையும் புழுக்கமுமாக இருக்கும் நாளில் திறந்தால் இன்னும் ஈரம்தான் உள்ளே வரும். அந்த மாதிரி நாட்களில் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர்தான் உதவும். சின்ன ஈரப்பதமானி ஒன்றை மாட்டி வையுங்கள், 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி.

சுவருக்குள் தண்ணீர் என்றால் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்திருக்கலாம், பூச்சில் விரிசல் இருக்கலாம், மண்ணைக் கொட்டிக் கொட்டி அஸ்திவாரத்தின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே ஏற்றிவிட்டிருக்கலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அது நிற்கும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இதன்மேல் உள்பக்கமாக வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, காரையோடு சேர்ந்து உதிரும். கசிவை அடைத்த பிறகும் தடிமனான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

இப்போது நத்தைக்கு வருவோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய், பளபளக்கும் அந்தத் தடத்தைக் கடைசிவரை பின்தொடருங்கள். அநேகமாக சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் ஓட்டையிலோ கதவடி இடுக்கிலோ போய் முடியும். உங்களுக்கு அது ஓட்டையாகவே தெரியாது, ஆனால் உடம்பை இழுத்து ஒடுக்கிக்கொண்டு அது நுழைந்துவிடும். குழாய் ஓட்டையை சிலிக்கோன் பசை வைத்து அடையுங்கள், கதவடிக்கு ரப்பர் பட்டை போடுங்கள், ஆனால் காற்றுத் துளைகளை அடைக்காமல் மெல்லிய கம்பிவலை மட்டும் வையுங்கள், அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். தடத்தை ஈரத்துணியால் துடைத்தால் வழவழவென்று பரவும், காயவிட்டு வறண்ட துணியால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நத்தையை வெறுங்கையால் தொடவேண்டாம், சிலவற்றில் மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கும். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்து நாய்க்கும் பூனைக்கும் விஷம், வீட்டுக்குள் அது வரவே கூடாது.

எல்லாம் அடைத்த பிறகும் காலையில் தடம் தெரிந்தால் அது உள்ளேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். சிங்க் அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றிக் கையை வைத்துப் பாருங்கள், பலகை ஈரமாக இருந்தால் மேலே ஏதோ ஒரு குழாய் இணைப்பு சொட்டிக்கொண்டிருக்கிறது.