கணக்கில் வராத பேச்சு

மார்ச் 3, 2025
ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ள ஏழு வயதுச் சிறுமி. வாயில் ஒரு சொல் வராது. வழக்கமான வளர்ச்சிச் சோதனையில் சென்ற ஆண்டும் அடிமட்ட மதிப்பெண்தான், இன்றும் அதேதான். அப்படியானால் ஓராண்டாக முன்னேற்றமே இல்லையா? முன்பெல்லாம் வெளியே போக வேண்டுமென்றால் கதவருகே நின்று அழுவாளாம். இப்போது அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வருகிறாள் என்று அவர் சொன்னார். மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணியைப் போட்டால் முள் அசையுமா?

மார்ச் 6
இன்று கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸை எடுத்தேன். ஒருவர் தன் எண்ணத்தை எப்படித் தெரிவிக்கிறார் என்பதைப் படிப்படியாக மதிப்பிடும் கருவி இது. சாரிட்டி ரோலண்ட் 1990-இல் வெளியிட்டது. மொத்தம் 7 படிகள். பசியிலும் வலியிலும் தானாக எழும் அழுகை முதற்படி. சொற்களைக் கோத்துப் பேசுவது கடைசிப் படி. மறுப்பது, கேட்டுப் பெறுவது, பிறரோடு பழகுவது, தகவல் தருவது ஆகிய நான்கு நோக்கங்களையும் தனித்தனியே பார்க்கிறது. பேச்சுக்கு முந்தைய நிலையே இதில் பல படிகளாக விரிவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கதவுக்கு இழுப்பதை எந்தப் படியில் வைப்பது? அம்மா எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிறுமி இழுக்கிறாள், நிற்கிறாள், அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி இழுக்கிறாள். அந்தப் பார்வைதான் முக்கியம். கதவின்மீது மட்டும் கண் இருந்திருந்தால், வேண்டியதற்காக முயல்கிறாள், ஆனால் யாரிடமும் கேட்கவில்லை என்று இரண்டாம் படியில் நிறுத்தியிருப்பேன். அம்மாவிடம் கேட்கிறாள் என்பது தெரிவதால் மூன்றாம் படி.

மார்ச் 12
இன்று வேறொரு சிறுமி. இவளுக்கு ரெட் சிண்ட்ரோம், அதுவும் ஓர் அரிய மரபணுக் கோளாறுதான். கைகள் ஓயாமல் ஒன்றையொன்று பிசைகின்றன, சுட்டிக்காட்ட வராது. பேசுவதெல்லாம் கண்ணால்தான். இரண்டு படங்களை நீட்டி, பந்து எது என்று கேட்டேன். பார்வை கூரைக்குப் போனது, என் தோளுக்கு வந்தது, வெகுநேரம் கழித்துப் பந்தில் நிலைத்தது. இடம் மாற்றி வைத்தபோதும் பந்தையே தேடிப் பிடித்தாள். காத்திருக்காமல் ‘பதில் இல்லை’ என்று குறித்திருந்தால் அது அவளுக்கு இழைக்கும் அநீதி.

மார்ச் 18
பொருத்தமான அளவுகோல் இல்லாதது சிகிச்சை அறையோடு முடிகிற விஷயமல்ல. ரெட் சிண்ட்ரோமுக்கு அமெரிக்காவில் 2023-இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து ட்ரோஃபினெடைட். அதன் முக்கியப் பரிசோதனையில் பங்கேற்றவர்கள் 5 முதல் 20 வயது வரையுள்ளவர்கள். அவர்களின் தொடர்புத் திறனை அளந்த வினாப்பட்டியலோ 6 முதல் 24 மாதக் குழந்தைகளுக்காக உருவானது. இருப்பதை வைத்துத்தானே அளக்க முடியும்! ஏஞ்சல்மன் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டறிந்து ‘ஓர்கா’ என்ற அளவுகோலை உருவாக்கியிருப்பது நல்ல தொடக்கம். அளவுகோல் சரியில்லை என்றால், வேலை செய்கிற மருந்துகூட வேலை செய்யாததாகத் தோன்றிவிடும்.

மார்ச் 21
ஏஞ்சல்மன் சிறுமியின் அறிக்கையை எழுதி முடித்தேன். மதிப்பெண்ணுக்கு மேலேயே, யாரிடம், எதற்காக, எப்படித் தெரிவிக்கிறாள் என்பதை எழுதினேன். வீட்டில் கையைப் பிடித்து இழுப்பவள் வகுப்பில் அதைச் செய்வதில்லை என்கிறார் ஆசிரியர். இரண்டையும் சராசரியாக்காமல் அப்படியே பதிந்திருக்கிறேன். அடுத்த வாரம் வகுப்புக்கே போய்ப் பார்க்கப்போகிறேன்.