படித்தாயிற்று, கையெழுத்துப் போடு

வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறை என்றாலே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களைப் பிடித்து விற்றது அதற்கும் முன்னால் தொடங்கிவிட்டது. 1495-இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களில் 550 பேரைக் கப்பலேற்றி ஸ்பெயினுக்கு அனுப்ப, வழியிலேயே சுமார் 200 பேர் செத்து, பிணங்கள் கடலுக்குப் போயின. 1900 வரைக்கும் கணக்குப் பார்த்தால் 25 முதல் 50 லட்சம் பேர் அடிமையாகியிருப்பார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஆந்த்ரேஸ் ரெசென்டஸ்.

எனக்கு அந்த எண்ணிக்கையைவிட உறுத்துவது ஒரு காகிதம். பெயர் 'ரெக்கெரிமியெந்தோ', 1513-இல் எழுதியது. ஸ்பானியப் படை தாக்குவதற்கு முன் இதை உரக்கப் படிக்க வேண்டும்: போப்பாண்டவர் இந்த நிலத்தை எங்கள் அரசருக்குக் கொடுத்துவிட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் உங்களையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் அடிமைகளாக்கி விற்போம், அதில் விழும் சாவுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு. கடைசியில் கூடவந்த நோட்டரி, படித்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படித்ததோ ஸ்பானிஷில்! கேட்டவர்களுக்கு ஒரு சொல் புரியாது. சில இடங்களில் கேட்கவே ஆளில்லை, காலிக் குடிசைகளைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள்.

1542-இல் பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது என்று ஸ்பெயினே சட்டம் போட்டது. சரி, நின்றதா? பெயர்தான் மாறியது. இன்றைய பொலிவியாவிலுள்ள பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு, அதற்கென்று குறித்த ஊர்களில் ஏழு ஆணுக்கு ஒருவர் முறைவைத்துப் போயாக வேண்டும். அதற்கு, ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் பழைய சொல்லையே எடுத்து 'மீத்தா' என்றார்கள். அற்பக் கூலி உண்டு, அதனால் அடிமை இல்லையாம். அன்று ஸ்பெயின் வசமிருந்த நியூ மெக்சிகோவில், சிறைபிடித்து வைத்திருந்தவர்களிடம் பூர்வகுடிப் பிள்ளைகளை விலைக்கு வாங்கி, 'மீட்டோம்' என்று ஞானஸ்நானம் கொடுத்து, மீட்ட கடனுக்கு வீட்டு வேலை வாங்கினார்கள்.

ஸ்பெயின் போனபிறகும் இதே கதைதான். அடிமை முறை கிடையாது என்று சொல்லி 1850-இல் மாநிலமான கலிபோர்னியா, அதே ஆண்டு கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் 'இந்தியர்களின் பாதுகாப்பு' என்றே இருக்கிறது (பூர்வகுடிகளைத்தான் அங்கே இந்தியர்கள் என்றார்கள்). வேலைவெட்டி இல்லாமல் திரிவதாகப் பிடிபட்ட பூர்வகுடியை, அதிகம் கேட்பவருக்கு நான்கு மாதம் வரை ஏலம் விடலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் திங்கள்கிழமை ஏலம். வாரக் கடைசியில் கூலிக்குப் பதில் சாராயம், குடித்து விழுந்தவர்களை ஞாயிறு இரவு பிடித்து அடைப்பார்கள், விடிந்தால் திங்கள்.