‘அதிகபட்ச அபராதம்’ என்றால் எவ்வளவு?

நட்சத்திர ஆட்டக்காரர் ஏதாவது செய்து மாட்டிக்கொண்டால், இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளின் அறிக்கையில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: ‘எங்களால் விதிக்க முடிந்த அதிகபட்ச அபராதம்’. கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். பிரீமியர் லீக்கின் பொது ஒப்பந்தப் படிவத்தைப் புரட்டியவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். முதல் தவறுக்கு இரண்டு வார அடிப்படைச் சம்பளம் வரை பிடிக்கலாம். 12 மாதத்துக்குள் மறுபடி தவறு செய்தால் நான்கு வாரம் வரை. அதற்கு மேல் பிடிக்க ஆட்டக்காரர்கள் சங்கம் தலையாட்ட வேண்டும். கிளப் கையில் இருக்கும் பிரம்பின் நீளம் அவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் வெஸ்ட் ஹாம் தடுப்பாட்டக்காரர் கர்ட் ஸூமா வீட்டில் பூனையை உதைக்கும் வீடியோ வெளியானது. மறுநாளே வாட்ஃபோர்டுடன் ஆட்டம். மேனேஜர் டேவிட் மோய்ஸ் அவரைத் தொடக்க அணியிலேயே இறக்கினார். பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல்; கூச்சலிட்டவர்களில் சொந்த ரசிகர்களும் இருந்தார்கள். 1-0 என்று வென்றார்கள். அதற்கு அடுத்த நாள் வைட்டாலிட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்திவைத்தது. அதே நாளில் அந்த ‘அதிகபட்ச’ அபராதமும் வந்தது: சுமார் 2.5 லட்சம் பவுண்டு, விலங்கு நல அமைப்புகளுக்கு. வீடியோ எடுத்த தம்பி யோவான் கீழ் டிவிஷனில் டேகனம் அண்டு ரெட்பிரிட்ஜ் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கிளப் அவரை உட்காரவைத்துவிட்டது. உதைத்தவர் ஆடினார், படம் பிடித்தவர் வெளியே. ஜூன் மாதம் நீதிமன்றம் அண்ணனுக்கு 180 மணி நேரம், தம்பிக்கு 140 மணி நேரம் சமூக சேவை விதித்தது. ஐந்து வருடம் பூனை வளர்க்கவும் தடை. அண்ணனும் தம்பியும் சிக்கியது ஒரே வீடியோவில்தான். கிளப்புகளின் முடிவு இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் கணக்குப் புத்தகம் என்பது என் கணிப்பு.

அந்தப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது? 5 கோடி பவுண்டு கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் அந்தத் தொகை ஒரே ஆண்டில் செலவாகாது. வருடத்துக்கு 1 கோடியாகக் கரையும். இரண்டு வருடம் கழித்து அவருடைய ‘புத்தக மதிப்பு’ 3 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் 1 கோடி லாபம். ஒழுங்கீனத்துக்காக வேலையை விட்டுத் தூக்கினால், மிச்சமிருக்கும் 3 கோடியும் அந்த ஆண்டின் நஷ்டமாக ஒரே அடியாக விழும். போதாக்குறைக்கு, அவர் மறுநாள் எதிரி கிளப்பில் இலவசமாகச் சேரலாம். படிவத்தில் இடம் இல்லாமல் இல்லை: கடும் ஒழுங்கீனம், அல்லது மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் 14 நாள் நோட்டீஸில் அனுப்பிவிடலாம். ஆனால் 3 கோடியைக் கடாசிவிட்டு அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட எந்த முதலாளிக்கு மனது வரும்?

செல்சிக்கு வந்தது. 2003-ல் 1 கோடியே 58 லட்சம் பவுண்டு கொடுத்து ருமேனிய முன்கள வீரர் ஆட்ரியன் முட்டுவை வாங்கியிருந்தார்கள். 2004 அக்டோபரில் கோகெய்ன் சோதனையில் சிக்கினார். அந்த மாதமே வேலைநீக்கம். இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ. ஏழு மாதத் தடை போட்டது. 2005 ஜனவரியில் அவர் யுவென்டஸ் பக்கம் போய்விட்டார். செல்சி விடவில்லை, கரையாமல் மிச்சமிருந்த தொகையைக் கேட்டு ஃபிஃபாவுக்குப் போனது. 2008-ல் ஆட்டக்காரரே 1 கோடியே 71 லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்று உத்தரவு. 2009-ல் விளையாட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதிசெய்தது. செல்சி வழக்கில் வென்றும் இதைப் பின்பற்றிய பெரிய கிளப்புகள் அரிது. வருடக்கணக்கில் வழக்கறிஞர் செலவு, ஒரு தனிமனிதரிடம் அவ்வளவு பணம் வசூலாகுமா என்ற சந்தேகம், நடுவில் அவர் வேறு கிளப்புக்குக் கோல் அடித்துக்கொண்டிருப்பார். (நம்ம ஊர் ரசிகர் அகராதியில் ‘முட்டு கொடுப்பது’ என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். முட்டு என்று பெயர் வைத்துக்கொண்டும் கிளப் முட்டு கொடுக்காமல் போன ஆள் இவர்.)

முட்டு கொடுப்பது எப்படித் தவறாகப் போகும் என்பதற்கு லிவர்பூலின் 2011-12 சீசனைத்தான் பாடமாக வைக்க வேண்டும். 2011 அக்டோபர் 15, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டு, மான்செஸ்டர் யுனைட்டெடுடன் 1-1. லிவர்பூலின் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ் தன்னை நிறத்தைச் சொல்லித் திட்டினார் என்று யுனைட்டெட் ஆட்டக்காரர் பேட்ரிஸ் எவ்ரா புகார் செய்தார். சுவாரெஸ் அந்த ஸ்பானிஷ் சொல்லை ஒருமுறை சொன்னதை ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் அது நட்பாகச் சொல்வது என்பது அவர் வாதம். ‘கருவாயா’ என்று கூப்பிட்டுவிட்டு ‘செல்லமாத்தான் சொன்னேன்’ என்பவர்களைப் பார்த்திருக்கிற நமக்கு இது புதிதல்ல. எஃப்.ஏ. அமைத்த மூவர் குழு மொழி நிபுணர்களைக் கேட்டது. அந்தச் சொல் உருகுவேயில் நட்பாகவும் வரலாம், ஆனால் சண்டைக்கு நடுவே வந்தால் அது வசைதான் என்பது அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம். அந்தச் சொல் ஏழு முறை வந்தது என்று குழு முடிவுசெய்தது. டிசம்பர் 20-ல் எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம்.

இங்கே ஒரு நுணுக்கத்தை ரசிகர்கள் தவறவிட்டார்கள். இது குற்றவியல் நீதிமன்றம் அல்ல. ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். ‘வீடியோ ஆதாரம் எங்கே?’ என்று சமூக ஊடகத்தில் ஆயிரம் முறை கேட்டாலும் அந்த அளவுகோல் மாறாது. கிளப்பின் வழக்கறிஞர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தீர்ப்பு வந்த மறுநாள் விகன் மைதானத்தில் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரெஸின் படம் போட்ட டீ-ஷர்ட்டுடன் வார்ம்-அப் செய்தார்கள். தீர்ப்பின் காரணங்கள் அடங்கிய 115 பக்க அறிக்கை வெளிவந்தது டிசம்பர் 31-ல். படிக்கும் முன்பே கட்சி எடுத்தாயிற்று; படித்த பின் மேல்முறையீடும் செய்யவில்லை.

அந்த டீ-ஷர்ட்டை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அது விசுவாசம். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மனமுடைந்து கிளம்பிவிடுவாரோ என்ற பயமும் கூட இருந்திருக்கும். ஆனால் கேலரிக்கு அது உத்தரவு மாதிரி போய்ச் சேர்ந்தது. ஜனவரி 28-ல் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு எவ்ரா ஆன்ஃபீல்டு வந்தபோது, புகார் கொடுத்தவருக்குத்தான் கூச்சல். பிப்ரவரி 11, யுனைட்டெடின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் சுவாரெஸ் எவ்ராவின் கையைத் தவிர்த்துவிட்டுக் கடந்து போனார். ஆட்டம் முடிந்த பிறகும் மேனேஜர் கென்னி டால்கிளிஷ் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் சுவாரெஸ், டால்கிளிஷ் இருவரும் வரிசையாக மன்னிப்புக் கேட்டார்கள். சுவாரெஸ் எங்களிடம் கைகுலுக்குவதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டார் என்ற தொனியில் நிர்வாக இயக்குநர் இயன் ஏர் அறிக்கை விட்டார். சட்டையில் பெயர் போட்டிருந்த ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியும் ஏமாற்றம் அடைந்ததாகச் சொன்னது. நான்கு மாதம் பிடித்த நிலைப்பாடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனது அதே யுனைட்டெட், 1995-ல். ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய எரிக் கான்டோனா, தன்னை ஏசிய ரசிகர் மேல் பறந்து உதைத்தார். எஃப்.ஏ. கூடும்வரை கிளப் காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் சீசன் முடியும்வரை தடை, 20,000 பவுண்டு அபராதம். இதில் நல்லெண்ணத்தைவிடக் கணக்கு அதிகம்: நாமே பெரிதாகத் தண்டித்துவிட்டால் மேலே உள்ளவர்கள் கூடுதலாகப் போட மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு. அது பலிக்கவில்லை. எஃப்.ஏ. செப்டம்பர் 30 வரை நீட்டி, மேலும் 10,000 பவுண்டு போட்டது. நீதிமன்றம் கொடுத்த இரண்டு வாரச் சிறை, அப்பீலில் 120 மணி நேர சமூக சேவையானது. பிளாக்பர்ன் ஒரே ஒரு புள்ளியில் லீக்கைத் தட்டிக்கொண்டு போனது. யுனைட்டெட் ரசிகர்கள் அவர் பெயரைப் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள், அது மாறவே இல்லை. ஆனால் கிளப் செய்த ஒன்று முக்கியம்: தண்டனை போர்டு ரூமிலிருந்து வந்தது, அரவணைப்பு மேனேஜரிடமிருந்து. கோடையில் கான்டோனா இங்கிலாந்தே வேண்டாம் என்று கிளம்பியபோது மேனேஜர் ஃபெர்குசன் பாரிஸுக்கே போய்ப் பேசித் திருப்பினார். இரண்டு வேலையையும் ஒரே வாய் செய்தால் என்ன ஆகும் என்பதை டால்கிளிஷ் காட்டினார்.

ரசிகர்கள் கிளப்பைப் பின்வாங்க வைக்கவே முடியாதா? முடியும், எங்கே பிடிப்பது என்று தெரிந்தால். ஸ்காட்லாந்தின் ரெய்த் ரோவர்ஸ் 2022 ஜனவரி கடைசி நாளில் டேவிட் குட்வில்லியை வாங்கியது. குற்றவியல் வழக்கு நடக்காவிட்டாலும், 2017-ல் ஒரு சிவில் வழக்கில் அவர் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டையில் பெயர் கொடுத்திருந்த எழுத்தாளர் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொண்டார். பெண்கள் அணித் தலைவர் விலகினார். சில நாட்களில், குட்வில்லியை ஆட வைக்க மாட்டோம் என்று கிளப் மன்னிப்போடு அறிவித்தது. அங்கே டிக்கெட் வாங்குபவரும் ஸ்பான்சரும் தன்னார்வலரும் ஒரே சின்ன ஊர்க்காரர்கள். ஒருவர் போனால் தெரியும். பிரீமியர் லீக்கில் ஒரு சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால், காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். அங்கே கூச்சலைவிட ஸ்பான்சருக்குப் போகும் மின்னஞ்சலுக்குத்தான் வேகம் அதிகம்.

சுவாரெஸ் அதன் பிறகு 2013-ல் எதிரணி வீரர் இவானோவிச்சைக் கடித்து பத்து ஆட்டத் தடை வாங்கினார். திரும்பி வந்த சீசனில் 31 லீக் கோல். 2014 உலகக் கோப்பையில் இத்தாலி வீரர் கியெல்லினியைக் கடித்து நான்கு மாதம் வெளியே; தடை ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்சிலோனா வாங்கிக்கொண்டது. அந்த டீ-ஷர்ட்டுக்காக, அன்று லிவர்பூலில் ஆடிய ஜேமி காரகர் எவ்ராவிடம் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டது 2019-ல். அப்போதைய லிவர்பூல் தலைமை நிர்வாகி பீட்டர் மூரின் கடிதம் எவ்ராவுக்குக் கிடைத்த செய்தி வெளிவந்தது 2020-ல். டீ-ஷர்ட் தயாராக ஒரே நாள் ஆகியிருந்தது.