எந்த அலமாரியில் வைப்பது?

வேலூரில் புத்தகக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஆஸ்பத்திரி நேரமெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். சி.எம்.சி.யில் காலையில் டாக்டரைப் பார்த்துவிட்டு, பரிசோதனை முடிவு மாலையில்தான் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் காந்தி ரோட்டுப் பக்கம் நடந்து வந்து எங்கள் மின்விசிறிக்குக் கீழே நிற்பார்கள். வங்காளத்திலிருந்து வந்தவர்கள் ஊர் வரைபடம் கேட்பார்கள். ஆரணி, போளூர், திருப்பத்தூர்க்காரர்கள் சிறிது நேரம் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "மனதுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்" என்பார்கள்.

அவர்களுக்கு நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது பதிப்பாளர் சின்ன அண்ணாமலையின் 'சொன்னால் நம்பமாட்டீர்கள்'. நடுவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கலாம். சிறுசிறு அனுபவங்கள், ஒவ்வொன்றிலும் தெரிந்த மனிதர்கள், முடிவில் ஒரு சிரிப்பு. டோக்கன் நம்பர் கூப்பிட்டால் மூடி வைத்துவிட்டுப் போகலாம். காத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்பதில்தான் எங்கள் கடையில் ஒத்த கருத்து இல்லை. முதலாளி நகைச்சுவை வரிசையில் வைப்பார். கூட வேலை பார்க்கும் தம்பி, உள்ளே சிவாஜி கணேசன் வருகிறார் என்று சினிமா வரிசைக்குக் கொண்டுபோவான். நான் எடுத்து விடுதலைப் போராட்ட வரலாற்றோடு சேர்ப்பேன். வாங்க வருகிறவர்களும் அப்படியே மூன்று வாசல் வழியாக வருகிறார்கள். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெரியவர் வருவார், வாலிப வயதில் சிவாஜி மன்றத்தில் இருந்தவர். "எங்கள் மன்றத் தலைவர் எழுதியது இருக்கிறதா தம்பி?" என்றுதான் கேட்டார். அகில இந்திய சிவாஜி ரசிகர் மன்றத்தைக் கட்டியவர் புத்தகப் பதிப்பாளர் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. "ஐயா, ராஜாஜி புத்தகமும் கல்கி புத்தகமும் போட்டவர் இவர்" என்று சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பின்னட்டையை முதலிலிருந்து படித்தார்.

காங்கிரஸ் குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்குத் தெரிந்த சின்ன அண்ணாமலை வேறு. இந்த ஊருக்கு ஜெயில் கதை புதிதல்ல. ராஜாஜி 1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாதம் இருந்தது வேலூர் சிறையில். காமராஜர் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இதே சிறைக்குள்தான் இருந்தார். தொரப்பாடி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மதிலைக் காட்டிக் கதை சொல்லும் தாத்தாக்கள் இங்கே உண்டு. ஆனால் மக்களே திரண்டு வந்து சிறையை உடைத்து ஒருவரை வெளியே கொண்டுவந்தது என்றால், அது 1942 ஆகஸ்டில் திருவாடானையில் நடந்தது. அப்படி வெளியே வந்த சின்ன அண்ணாமலைக்கு அப்போது 22 வயது. அதையொட்டித் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. அவ்வளவையும் பார்த்த மனிதர் அதற்குப் பிறகும் சிரித்துக்கொண்டு எழுதினார் என்பதால்தான் அந்தச் சிரிப்பின் மீது எனக்கு மரியாதை. அவரை வெறும் தமாஷ்காரராக அலமாரியில் அடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அவருடைய தமிழ்ப் பண்ணை 1940-களில் சென்னை தியாகராய நகரில் நடந்த பதிப்பகம். போர்க்காலம், காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த நேரம். ராஜாஜி, கல்கி, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், நாமக்கல் கவிஞர் ஆகியோரின் எழுத்துகளை அங்கிருந்து நல்ல கட்டமைப்போடு கொண்டுவந்தார். இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொருவருடைய கைப்பிரதியையும் ஓர் இளைஞர் வாங்கி வந்தார் என்பதைப் புத்தகத் தொழிலில் இருப்பவன் வேறு மாதிரிப் பார்ப்பான். ராஜாஜியிடம் இருபத்து சொச்சம் வயதுப் பையன் போய் நின்று 'எனக்குக் கொடுங்கள்' என்று கேட்பதற்குப் பணம் மட்டும் போதாது. பேசத் தெரிய வேண்டும், பேச்சைக் கேட்கவும் தெரிய வேண்டும். எந்த இடத்தில் சிரிக்க வைக்கலாம், எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். சின்ன அண்ணாமலைக்கு மனிதர்களோடு இருப்பதில் ஆசை. அந்த ஆசைதான் அவர் போட்ட முதல் முதலீடு என்று நினைக்கிறேன். மேடையில் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவரை நம்பி எழுத்தாளர்கள் கைப்பிரதியைக் கொடுத்தார்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கடையில் நின்று தெரிந்துகொண்டேன். குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களிடம் நாவல் ஒன்று வாங்கிப் போனார். மறுவாரம் பஸ் ஏறித் திரும்ப வந்து மேஜை மேல் வைத்தார். 64-ஆம் பக்கத்துக்கு அடுத்து 81. நடுவில் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், பைண்டிங்கில் விடுபட்டிருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் மீதிப் பிரதிகளிலும் அதே குறை. பதிப்பகத்துக்குப் போன் செய்தோம். பில் நம்பரைச் சொல்லச் சொன்னார்கள், புத்தகத்தை எங்கள் செலவில் அனுப்பச் சொன்னார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பேசியது நாங்கள்தான்.

அதற்கு வெகுகாலம் முன்பு வேறொரு பதிப்பாளர் இருந்தார். காட்பாடியில் ரயில் இறங்கி, ஜோல்னாப் பையும் பில் புத்தகமுமாகக் கடைக்கே வந்துவிடுவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களெல்லாம் அவரைச் சுற்றி நிற்பார்கள். பழைய பாக்கியைக்கூட நம்மைச் சிரிக்க வைத்துத்தான் வாங்குவார். அவருடைய புத்தகம் ஒன்றிலும் இதே போல ஒரு ஃபாரம் விடுபட்டது. நாலாம் நாள் தபாலில் அந்தப் பதினாறு பக்கமும் மடித்து வந்தது, கூடவே வாங்கியவர் பெயருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். நாங்களே பசை தடவிச் செருகிக் கொடுத்தோம். அந்த வாசகர் இன்றும் அந்தப் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லித்தான் புத்தகம் கேட்கிறார். கலகலப்பான மனிதர்கள் தொழிலில் அக்கறை இல்லாதவர்கள் என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நான் பார்த்தவரை, மனிதர்களோடு இருப்பதில் ஆசை உள்ளவர்கள்தான் விடுபட்ட ஃபாரத்தைத் தேடி அனுப்புகிறார்கள்.

எங்கள் வட ஆற்காட்டு மண்ணின் எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) தம் முதல் நாவலான 'செந்தாமரை'யைத் தாமே வெளியிட வேண்டியிருந்தது. திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்து சென்னைக்குப் போனவர் அவர். அவர் நூல்களைப் பாரி நிலையம் விற்பனைக்கு எடுத்துக்கொண்ட பிறகு அவை எத்தனை வீடுகளுக்குப் போயின என்பதை இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பரிசாக வந்த பிரதிகளைப் பார்த்தால் தெரியும். பழைய புத்தகமாக எங்களிடம் திரும்பி வரும்போது முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் மசியில் இருக்கும். எழுத்தாளருக்கும் இந்த மசிக் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு பதிப்பாளரும் ஒரு கடைக்காரரும் இருந்தார்கள்.

சின்ன அண்ணாமலை 1920 ஜூன் 18-இல் பிறந்தவர். 1980 ஜூன் 18, தம் மணிவிழா நாளிலேயே மறைந்தார். அவருடைய எழுத்துகள் இப்போது நாட்டுடைமை. அதனால் எவரும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். என் ஆசையெல்லாம் ஒன்றுதான். உள்ளே வருகிற மனிதர்கள் யார் யார் என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியும்படி பெயர் அடைவும் ஆண்டுக் குறிப்பும் வேண்டும். தமிழ்ப் பண்ணை வெளியிட்ட நூல்களின் முழுப் பட்டியல் பின்னால் இருக்க வேண்டும். தாள் தடிமனாக, எழுத்து பெரிதாக, ஆஸ்பத்திரி வராந்தா வெளிச்சத்தில் வயதானவர்கள் படிக்கிற அளவில் இருக்க வேண்டும். கடைக்கு வரும் பதிப்பாளர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு பதிப்பை யார் கொண்டுவந்தாலும் முதல் கட்டுக்கு முன்பணம் தர எங்கள் முதலாளி சம்மதித்துவிட்டார்.