சம்பளத்துக்குள் இருந்த புண்ணியம்

கொடுத்ததைச் சொல்லிக்கொள்வது எங்கள் டெல்டாவுக்குப் புதிதில்லை. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஊர் தஞ்சாவூர். பெரிய கோயில் கல்வெட்டுகளில் எத்தனை கழஞ்சு பொன் என்று மஞ்சாடி, குன்றி என்ற சின்னஞ்சிறு எடைகள் வரைக்கும் கணக்கு இருக்கிறது. அதனால் யாராவது ஸ்டேட்டஸில் தன் நற்செயலைப் போட்டால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது, எங்கே மெழுகுவர்த்தி வேண்டும், எங்கே தார்ப்பாய் போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் பலருக்கு ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான் தெரிந்தது. கூச்சப்பட்டு எல்லோரும் சும்மா இருந்திருந்தால் பல வேன்கள் கிளம்பியே இருக்காது.

ஆனால் எங்கள் வங்கிக் கிளையில் நடந்தது வேறு கதை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். நவம்பர் வந்தால் உட்கார இடம் இருக்காது. மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்று, கொடுக்கும் மாதம் அது. கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பொன்மலை ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு கிடந்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். மெஷின் எளிதில் ஒத்துக்கொள்ளாது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே பதியும் வசதி வந்த பிறகு ஒரு செல்போன் போதும் என்றானது.

எங்கள் கேஷியர் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருந்த ரயில்வே பெரியவர் ஒருவரின் வீட்டுக்கே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். நல்ல பையன், சந்தேகமே இல்லை. கட்டில் ஓரமாக நின்று ஒரு செல்ஃபியும் எடுத்து அன்று மாலையே போட்டுவிட்டார்.

லைக் குவிந்தது. 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை', 'வாழும் தெய்வம்', கூப்பிய கைகள். நடுவில் ஒருவர் மட்டும், "இதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க?" என்று கேட்டிருந்தார். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. கிளையில் எல்லோரும் அந்த ஆளைத் திட்டினோம். மறுநாள் காலை சிங்கப்பூரிலிருந்து பெரியவரின் மகன் போன் செய்தார். "சார், நீங்க செஞ்சது பெரிய உதவி. ஆனா அப்பா சட்டையில்லாம படுத்திருக்கிற படத்தைப் பார்த்துட்டு, பிள்ளை கவனிக்கலையான்னு சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலையணைப் பக்கம் பாஸ்புக் திறந்து கிடந்தது, கணக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. படம் உடனே இறங்கியது.

திட்டு வாங்கிய அந்த ஆள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் என் எண்ணம். 70 வயது தாண்டியவர்கள், நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கே போய் உயிர்ச் சான்று வாங்க வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பெட்ரோலும் தம்பியுடையவை, அதற்கான பாராட்டு நியாயம். ஆனால் வீடு தேடி வரும் சேவை பெரியவருக்குச் சேர வேண்டியது. ராஜராஜன் தன் பொன்னைக் கொடுத்துப் பெயர் வெட்டிக்கொண்டான். நாங்கள் அவருக்கு உரியதை அவரிடமே கொடுத்துவிட்டு, தானம் செய்த மாதிரி படம் போட்டிருந்தோம். பார்த்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். "எனக்கும் அப்படி வருவீங்களா?" என்று கேட்க வேண்டியவர்கள் "மகராசனா இரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் தம்பி படமே இல்லாமல் எழுதினார். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், படுக்கையில் இருந்தால் கிளைக்குச் சொல்லுங்கள், ஆதாரும் பென்ஷன் புத்தகமும் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். லைக் என்று பார்த்தால் அவருடைய சித்தப்பா, நான், அப்புறம் இரண்டு மூன்று பேர். போன் மட்டும் ஓயவில்லை. அம்மா எழுந்து நடக்க மாட்டாங்க, மாமனாருக்குக் கண் தெரியாது என்று நீடாமங்கலம் வரைக்கும் கூப்பிட்டார்கள். வேறு வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களும் கேட்டார்கள். "உங்க கிளையிலயும் இதே மாதிரி கேளுங்க, செஞ்சுதான் ஆகணும்" என்று தம்பி சொல்லிக் கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல்தான். பக்கத்து கவுன்டர்காரர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "பேசாம போன வருஷம் மாதிரி போட்டோவே போட்டிருக்கலாம்பா, லைக்கோட முடிஞ்சிருக்கும்" என்றார்.